குழந்தையைப் பார்க்கும் உரிமை: மனுவில் தெளிவாகக் கேளுங்கள்

பெற்றோர் பிரிந்து வாழும்போது, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் (மைனர்) மற்றும் பாதுகாவலர் சட்டம் சொல்வதை வைத்து, அந்த வயது கடந்ததும் குழந்தை தானாகவே தந்தையிடம் வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது தவறு, ஏனெனில் எந்த வயதிலும் குழந்தையின் நலனையே நீதிமன்றம் முதலில் பார்க்கிறது.

குழந்தை உங்களிடம் இல்லையென்றால், வழக்கு முடியும்வரை காத்திருக்காமல், குழந்தை வழக்கமாக வசிக்கும் பகுதிக்குரிய குடும்பநல நீதிமன்றத்தில் இடைக்கால மனு மூலம் பார்க்கும் உரிமையைக் கேட்கலாம். அதில் ‘அவ்வப்போது’ என்று எழுதாமல் (பின்னாளில் சண்டைக்கு வழிவிடும் சொல் அதுதான்), கிழமை, நேரம், இடம், பள்ளி விடுமுறை, வீடியோ அழைப்பு ஆகியவற்றைத் தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். உத்தரவு இருந்தும் குழந்தையைக் காட்ட மறுத்தால், ஜீவனாம்சத்தை நிறுத்திவிடாமல், அதே நீதிமன்றத்தை அணுகுங்கள்.