ஊர் வாட்ஸ்ஆப் குழுவை நாலு பேர் நம்பும்படி நடத்துவது எப்படி

எங்கள் ஊர் ஈரோடு மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. 15 வார்டு, வாரச்சந்தை, ஒரு பேருந்து நிலையம், ஊருக்குத் தெற்கே கீழ்பவானி வாய்க்கால். பேப்பரில் எங்கள் ஊர் பெயர் வர வேண்டுமென்றால் பெரிய விபத்து நடந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அமைச்சர் யாராவது வந்திருக்க வேண்டும். ஆனால் ஊரில் இருக்கிறவர்களுக்குத் தினமும் தெரிய வேண்டியது வேறு. இன்றைக்குக் குழாயில் தண்ணீர் வருமா, கரண்ட் எப்போது போகும், யார் தவறிவிட்டார்கள், சாக்கடை வேலைக்காக எந்த வீதியை அடைத்திருக்கிறார்கள். இதற்கு ஒரு வாட்ஸ்ஆப் குழு போதும். ஆறு வருடமாக நடத்தி வருகிறேன், அதில் கற்றதை எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு விஷயத்தோடு ஆரம்பியுங்கள். எல்லாச் செய்தியும் போடுகிறோம் என்று தொடங்கிய குழுக்கள் இரண்டே மாதத்தில் குட்மார்னிங் படமும் கட்சி வீடியோவுமாக நிறைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். நாங்கள் தண்ணீரில் ஆரம்பித்தோம். எங்களுக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர், வார்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்து விடுவார்கள். முறை மாறினால் தெரியாமல் வேலைக்குப் போகிற பெண்கள் லீவு போட்டுக் குழாயடியில் உட்கார்ந்திருப்பார்கள். தினமும் காலை ஆறரைக்கு "இன்று 4, 5, 9 வார்டு" என்று ஒரு வரி, அவ்வளவுதான். மூன்று மாதத்தில் ஊரில் நிறையப் பேர் குழுவில் சேர்ந்துவிட்டார்கள்.

அந்த ஒரு வரியை எனக்குச் சொன்னவர் தண்ணீர் திறந்துவிடுகிற ஆபரேட்டர். ஆகவே குழு தொடங்கும் முன் நீங்கள் போய்ப் பழக வேண்டியது தலைவரோடும் கவுன்சிலரோடும் மட்டும் அல்ல. டேங்க் ஆபரேட்டர், லைன்மேன், வாய்க்கால் மதகைத் திறந்து மூடுகிற லஸ்கர், பேரூராட்சி அலுவலகத்தில் தபால் பார்க்கிறவர், பந்தல் போடுகிறவர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கிற அச்சகக்காரர். ஊரில் நடப்பது இவர்களுக்குத்தான் முதலில் தெரியும். ஒன்று மட்டும் கவனம்: அவர்கள் பெயரையோ நம்பரையோ குழுவில் போடாதீர்கள். ஒருமுறை போட்டுவிட்டால் அந்த மனிதருக்கு ராத்திரி பதினோரு மணிக்கும் போன் வரும், மறுவாரம் உங்களுக்கு அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். கரண்ட் புகாருக்கு மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987 இருக்கிறது, அதைப் போடுங்கள்.

அப்புறம் எழுதுகிற விதம். "நாளை மின்தடை" என்று எழுதினால் அது செய்தியே இல்லை. நீங்கள் செவ்வாய்க்கிழமை போட்டதை ஒருவர் புதன்கிழமை காலையில் பார்த்து வியாழக்கிழமை என்று நினைத்துக்கொள்வார், இன்னொருவர் அதை அப்படியே பக்கத்து ஊர்க் குழுவுக்குத் தள்ளிவிடுவார். நாங்கள் எழுதுவது இப்படி:

"புதன்கிழமை (12.03.2025) காலை 9 முதல் மாலை 5 வரை துணை மின்நிலையப் பராமரிப்பு. கரண்ட் இருக்காத இடம்: சந்தை வீதி, பள்ளிக்கூட வீதி, மேட்டுத் தெரு. மற்ற இடங்களில் இருக்கும். மின்வாரிய அலுவலகத்தில் திங்கள் மாலை கேட்டது."

கிழமையும் தேதியும் சேர்ந்தே வர வேண்டும். எங்கே கேட்டோம், எப்போது கேட்டோம் என்பதும் வேண்டும். நாலு நாள் கழித்து யாராவது இதைத் திரும்ப அனுப்பினாலும் பழசு என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். வாய்க்கால் தண்ணீர் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். கீழ்பவானியில் ஒற்றைப்படை மதகுக்கு ஒரு போகம், இரட்டைப்படை மதகுக்கு ஒரு போகம் என்று மாற்றி மாற்றி விடுவார்கள், ஒவ்வொரு முறையும் பாய்வது 1,03,500 ஏக்கர். "தண்ணீர் திறந்தாச்சு" என்று மொட்டையாகப் போட்டால் யாருக்கு என்று தெரியாது. அணையில் திறந்த தண்ணீர் 200 கிலோமீட்டர் வாய்க்காலில் ஓடிக் கடைமடைக்கு வர எத்தனையோ நாள் ஆகும். எந்த மதகு, எந்தத் தேதி, அணையில் திறந்ததா நம் ஊர் தாண்டியதா என்று மூன்றையும் எழுதுங்கள். அதை நம்பி நாற்று விடுகிறவர் இருக்கிறார்.

இனி இறப்புச் செய்தி. குழுவில் எல்லோரும் படிப்பது இதைத்தான், தவறு நடந்தால் அதிகம் வலிப்பதும் இதில்தான். மூன்று வருடம் முன்பு ஒரு மாலை, எங்கள் ஊர் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் ஆஸ்பத்திரியில் தவறிவிட்டதாகத் தெரிந்தவர் ஒருவர் போனில் சொன்னார். அவர் உறவுக்காரர் என்பதால் நம்பிக் குழுவில் போட்டேன். ஆசிரியரின் மகள் அப்போது கோயம்புத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். செய்தியைப் பார்த்துவிட்டு வழியெல்லாம் அழுதபடி வந்திருக்கிறார். ஆசிரியர் தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிரோடுதான் இருந்தார், ஒன்பது நாள் கழித்து வீட்டுக்கும் வந்துவிட்டார். நான் அவர் வீட்டுக்குப் போய் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா திட்டவில்லை, "இனிமேல் யார் வீட்டுக்கும் இப்படிப் பண்ணிடாதீங்கண்ணா" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். வீட்டு ஆள் ஒருவரோடு பேசாமல் இறப்புச் செய்தி போடுவதில்லை. வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்குச் சொல்லியாகிவிட்டதா என்று கேட்போம். இல்லை என்றால் அவர்கள் சொல்லும் வரை காத்திருப்போம், இரண்டு மணி நேரம் ஆனாலும் சரி. செய்தியில் இருக்க வேண்டியது: பெயர், வயது, இன்னாருடைய அம்மா அல்லது அப்பா, வீடு எங்கே, எடுக்கிற நேரம், எந்த மயானம். எப்படி இறந்தார் என்று எழுதவே வேண்டாம். தற்கொலையாக இருந்தால் கண்டிப்பாக எழுதக் கூடாது. உடலின் படத்தையும் போடக் கூடாது, நன்றாகச் சிரித்த முகமாக ஒரு பழைய போட்டோ வீட்டில் கேட்டால் தருவார்கள். எடுக்கிற நேரம் மாறினால் பழைய செய்தியை அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், இரண்டும் இருந்தால் வெளியூர்க்காரர் தப்பான நேரத்துக்கு வந்து நிற்பார்.

பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் வருடத்துக்கு ஒருமுறையாவது வரும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. அதைப் பார்த்துப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூட்டம் அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். அதற்கு முன் பல நாளாக அப்படிப்பட்ட வீடியோக்கள் குழு குழுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று வாட்ஸ்ஆப் கட்டுப்பாடு கொண்டுவந்தது அந்த ஜூலையில்தான். அப்படி எது வந்தாலும் உடனே அழியுங்கள், உள்ளூர்க் காவல் நிலையத்துக்குப் போன் செய்து கேளுங்கள், அவர்கள் சொன்னதை மட்டும் போடுங்கள். "உண்மையா தெரியவில்லை, எதற்கும் ஜாக்கிரதை" என்று சேர்த்துப் போடுவதும் பரப்புவதுதான்.

குழந்தைகள், பெண்கள் பாதிக்கப்பட்ட வழக்கு என்றால் பெயர் போடவில்லையே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். சின்ன ஊரில் வீதியும் பள்ளிக்கூடமும் சொன்னாலே ஆள் தெரிந்துவிடும். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு, பெயர், முகவரி, படம், குடும்பம், பள்ளி, பகுதி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-வது பிரிவு இருக்கிறது. நாங்கள் இந்தச் செய்திகளைப் போடுவதே இல்லை.

செட்டிங்கில் "அட்மின்கள் மட்டும் செய்தி அனுப்பலாம்" என்று மாற்றிவிடுங்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. குழுவில் இருந்தால் எல்லோர் நம்பரும் எல்லோருக்கும் தெரியும், அதனால் பெண்களுக்குத் தேவையில்லாத மெசேஜ் வரும். எங்களிடம் புகார் வந்த பிறகு சேனலும் ஆரம்பித்தோம், அதில் பின்தொடர்கிறவர்களின் நம்பர் மற்றவர்களுக்குத் தெரியாது. அட்மின்கள் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் பெண்கள், ஐந்து பேரும் வேறு வேறு வீதி. ஒரே சமூகத்து ஆட்கள் மட்டும் அட்மினாக இருந்தால் கோயில் திருவிழா நேரத்தில் குழு உடைந்துபோகும். காலனிப் பக்கம் இருந்து ஒருவர் சேர்ந்த பிறகுதான் அங்கே எட்டு நாளாகத் தெருவிளக்கு எரியாதது எங்களுக்கே தெரிந்தது.

ஆதாரம் வேண்டிய விஷயத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. "ரோடு போட்டதில் ஊழல்" என்று யாராவது சொன்னால் அதைப் போடாதீர்கள், கேள்வியாக மாற்றுங்கள். வெள்ளைத்தாளில் "பொதுத் தகவல் அலுவலர், பேரூராட்சி அலுவலகம்" என்று முகவரி எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். "ஏன் இப்படி" என்று கேட்டால் பதில் வராது. "இன்ன வீதித் தார்ச்சாலைப் பணியின் ஒப்பந்த மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம், இவற்றின் நகல்" என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. வந்த பதிலை அப்படியே படம் எடுத்துப் போடுங்கள், உங்கள் கருத்தை அதன் மேல் எழுத வேண்டாம். ஒப்பந்தத்தில் எவ்வளவு கனம், போட்டது எவ்வளவு கனம் என்று ஊர்க்காரர்களே அளந்துகொள்வார்கள்.

போன் இல்லாதவர்களை மறந்துவிடாதீர்கள், எங்கள் ஊரில் வயதானவர்கள் நிறைய. தண்டோரா போடும் வழக்கத்தை 2022-இல் அரசு நிறுத்தச் சொல்லிவிட்டது, ஒலிபெருக்கி ஆட்டோ எல்லா வீதிக்கும் வருவதில்லை. பேருந்து நிலையத்து டீக்கடைக்காரரிடம் கேட்டு ஒரு கரும்பலகை மாட்டினோம். குழுவில் போடுகிற தண்ணீர் முறையும் இறப்புச் செய்தியும் காலை ஏழு மணிக்குள் அதில் சுண்ணாம்புக்கட்டியில் எழுதியிருக்கும். எழுதுவது பக்கத்து வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பெண். எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும் கண்ணு என்று பாட்டிகள் சொல்லச் சொல்ல, இப்போது பலகையில் நாலு வரிதான் கொள்கிறது.