காலனியக் கால அமெரிக்க முறையில் மெழுகுவத்தி தோய்த்தெடுப்பது எப்படி?

அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தின் குடியேற்ற வீடுகளில், இலையுதிர் காலத்தில் கால்நடைகளை அடித்து இறைச்சியைப் பதப்படுத்தியபின் எஞ்சிய கொழுப்பை உருக்கி, குளிர்காலத்திற்கு வேண்டிய மெழுகுவத்திகளைச் செய்து வைத்தனர். பாஸ்டன் நகரில் இது தனித்தொழிலாகவும் நடந்தது. 1706-இல் பிறந்த பெஞ்சமின் பிராங்க்ளின், பத்து வயதில் தம் தந்தையின் மெழுகுவத்திக் கடையில் திரி நறுக்கிக்கொண்டிருந்தார்.

மாட்டுக்கொழுப்பு எரியும்போது நெடியும் புகையும் எழும் என்பதால், முதன்முறை செய்பவர்கள் தேன்மெழுகையே பயன்படுத்தலாம். அன்றும் வசதியுள்ளோர் அதை எரித்தனர். கடலோரத்தில் வாழ்ந்தவர்கள் பேபெரிச் செடியின் காய்களை வேகவைத்து, மேலே மிதக்கும் பச்சை நிற மணமெழுகைச் சேகரித்தனர்.

முதலில், உயரமான தகரக் குவளையில் மெழுகை இட்டு, அதை வெந்நீர்ப் பாத்திரத்திற்குள் வைத்து உருக்குங்கள். நேரடித் தீயில் வைத்தால் மெழுகு பற்றிக்கொள்ளும். தேன்மெழுகு ஏறத்தாழ 63 பாகை செல்சியஸில் உருகும். 70 பாகையளவில் வைத்திருப்பது நல்லது.

அடுத்து, பருத்தித் திரியை மடித்து, அதன் நடுப்பகுதியை ஒரு குச்சியில் தொங்கவிட்டு, இரு முனைகளையும் மெழுகில் நனைத்து, விரல்களால் நேராக இழுத்து விடுங்கள். இரண்டு நாற்காலிகளின் குறுக்கே இரு கழிகளை வைத்தால், திரிக்குச்சிகளை அவற்றின்மேல் வரிசையாக மாட்டலாம். அன்றைய வீடுகளிலும் இப்படித்தான் மாட்டினர்.

இனித்தான் கவனம் தேவை. திரியை மெழுகில் அமிழ்த்தி, உடனே, ஆனால் சீராக வெளியே எடுங்கள். சற்றே தாமதித்தாலும் முன்பு படிந்த அடுக்கு உருகிக் கரைந்துவிடும். ஒவ்வொரு தோய்ப்புக்கும் பின்னர் இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட வேண்டும். வரிசையின் கடைசிக் குச்சியைத் தோய்த்து முடிக்கும்போது முதற்குச்சி ஆறியிருக்கும் என்பதால், அக்காலத்தவர் பல குச்சிகளை ஒருசேரச் செய்தனர். விரல் பருமன் வரும்வரை இருபது, முப்பது முறைகூடத் தோய்க்க நேரிடலாம். மேற்பரப்பு கரடுமுரடானால் மெழுகு ஆறிவிட்டது என்று பொருள். அடுக்கு ஏறவே மறுத்தால் சூடு மிகுந்துவிட்டது என்று கொள்ளலாம். இடையே வளைந்த வத்தியை, இளஞ்சூடாக இருக்கும்போதே பலகையில் உருட்டி நேராக்குங்கள்.

இறுதியில் அடிப்பகுதியைக் கத்தியால் சமமாக வெட்டி, ஒரு நாள் முழுவதும் தொங்கவிட்டபின் திரியை அரை அங்குலம் விட்டு நறுக்குங்கள். கொழுப்பில் செய்தவற்றை எலிகள் தின்றுவிடும் என்பதால், அன்றைய இல்லத்தரசிகள் அவற்றை மூடியுள்ள தகரப் பெட்டியில் வைத்துச் சுவரில் மாட்டினர்.