நிதி ஆலோசனை அலுவலகத்துக்கு ஒரு குளிர்காலச் செய்திமடல்: முதல்முறை எழுதுபவர்களுக்குப் படிப்படியாக

குன்னூரில் நாலைந்து பேர் மட்டும் வேலை பார்க்கும் நிதி ஆலோசனை அலுவலகம் எங்களுடையது. தீபாவளி முடிந்து மழை ஓயத் தொடங்கும்போது வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல் போடுகிறோம். இரண்டு தாள், முழுக்கத் தமிழில். பாதி பணச் செய்தி, பாதி அலுவலகச் செய்தி. கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் இதே தொழிலில் இருக்கும் சிலர் அதைப் பார்த்துவிட்டு எப்படிச் செய்வது என்று கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. உங்களுக்குத் தமிழில் தட்டச்சு தெரியும், வாடிக்கையாளர் பட்டியல் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

எழுத உட்காரும் முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மடல் கைக்கு வந்ததும் பெரும்பாலானோர் முதலில் தேடிப் படிப்பது அலுவலக ஆட்களைப் பற்றிய பகுதியை. மலையில் ஆளைப் பார்த்துத்தான் பணத்தை ஒப்படைக்கிறார்கள். வெலிங்டனில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ராணுவத்தினர், அருவங்காடு கார்டைட் தொழிற்சாலையில் பணிமுடித்தவர்கள், பச்சைத் தேயிலை போடும் சிறு விவசாயிகள் என்று யார் போன் செய்தாலும் முதல் கேள்வி "அந்தப் பொண்ணு இருக்காங்களா?" என்பதுதான். அந்தப் பொண்ணு ஆறு மாதம் வரமாட்டார் என்றால், அவர்களைப் பொறுத்தவரை அதுவும் பணச் செய்திதான். இதை மனதில் வைத்தால் மடலின் பாதி வேலை தானாக நடந்துவிடும்.

படி 1: தேதிகள்

ஒரு வெள்ளைத்தாளில் டிசம்பர் முதல் மார்ச் வரை உள்ள தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள். டிசம்பர் 15 அட்வான்ஸ் டாக்ஸ், அதாவது நிதியாண்டு முடியும் முன்பே தவணையாகக் கட்டும் வருமான வரியின் மூன்றாம் தவணை (தொழில் வருமானம் இல்லாத 60 வயது கடந்தவர்களுக்கு இது கிடையாது, அதையும் எழுதுங்கள், பலர் வீணாகக் கவலைப்படுகிறார்கள்). டிசம்பர் 31, வருமான வரிக் கணக்கைத் தாமதக் கட்டணத்தோடு தாக்கல் செய்யக் கடைசி நாள். ஜனவரி, பிப்ரவரியில் சம்பளக்காரர்கள் முதலீட்டு ஆதாரங்களைக் கொடுக்க வேண்டும்.

அடுத்து ஊர்த் தேதிகள். ஹெத்தையம்மன் திருவிழா நாளில் படுகர் கிராமங்களில் இருந்து யாரும் ஆபீஸ் பக்கம் வரமாட்டார்கள். நீலகிரிக்கு உள்ளூர் விடுமுறை அறிவிப்பு வந்த பிறகு தேதியைப் போடுங்கள். கிறிஸ்துமஸ், பொங்கல் விடுமுறைகளும் வேண்டும். உறைபனி விழும் மாதங்களில் வயதானவர்கள் காலையில் வெளியே வருவதில்லை. நாங்கள் பத்தரைக்குத்தான் திறக்கிறோம், அதை முதல் பக்கத்திலேயே போட்டுவிடுகிறோம்.

படி 2: பணச் செய்தி மூன்றே மூன்று

"இதைப் படித்துவிட்டு நம் வாடிக்கையாளர் ஏதாவது செய்ய வேண்டுமா?" என்று கேளுங்கள். செய்ய ஒன்றும் இல்லையென்றால் அந்தச் செய்தி வேண்டாம். சென்செக்ஸ் எங்கே போகிறது என்பதை டிவியில் பார்த்துக்கொள்வார்கள்.

2025 குளிர்கால மடலுக்கு நான் எடுத்தவை: தனிநபர் ஆயுள் காப்பீடு, மருத்துவக் காப்பீடு பிரீமியத்துக்கு செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை, புதுப்பிக்கும்போது ரசீதைச் சரிபாருங்கள். நவம்பர் 1 முதல் வங்கி டெபாசிட்டுக்கு நான்கு பேர் வரை நாமினி வைக்கலாம். பழைய டெபாசிட்டில் இறந்துபோன துணைவர் பெயரே இன்னும் இருந்தால் மாற்றிவிடுங்கள். மூன்றாவது பென்ஷன்காரர்களுக்கு: புதிய வரி முறையில் 2025-26 நிதியாண்டுக்கு 12 லட்சம் ரூபாய் வரை வரி வராது, பென்ஷனுக்கு 75,000 ரூபாய் நிலையான கழிவும் உண்டு. ஆனால் பங்கு, பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்ட் விற்ற லாபத்துக்கு அந்த 12 லட்சம் வரித் தள்ளுபடி பொருந்தாது. இந்தக் கடைசி வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

தேயிலை விவசாயிகளுக்கு ஒரு பெட்டிச் செய்தி தனியாக வையுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் பனி விழுந்து இலை கருகும், வரத்து குறையும். எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் முதலீடு) தவணை மாதத் தொடக்கத்தில் இருந்து, ஃபேக்டரிப் பணம் அதற்குப் பிறகு வந்தால் தவணை திரும்பி வங்கியில் அபராதம் பிடிப்பார்கள். "தவணைத் தேதியை மாற்ற வேண்டுமா, இரண்டு மாதம் நிறுத்திவைக்க வேண்டுமா, டிசம்பர் 20-க்குள் சொல்லுங்கள்" என்று ஒரே வரி போதும். எங்கள் மடலுக்கு அதிகம் போன் வருவது இந்த வரியைப் பார்த்துத்தான். பச்சை இலை மட்டும் விற்பவருக்கு அது விவசாய வருமானம், மத்திய வருமான வரி கிடையாது. ஆனால் வேறு வருமானமும் இருந்தால் வரி விகிதத்தைக் கணக்கிடும்போது இது சேரும். இதை விரிவாக எழுதாமல் "நேரில் கேளுங்கள்" என்று முடித்துவிடுங்கள்.

படி 3: ஊழியர் செய்தி

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இதுதான். விவரமாகச் சொல்கிறேன்.

ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதும்போது வாடிக்கையாளரின் ஒரே கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும்: என் ஃபைலை இனி யார் பார்ப்பார்கள்? கல்யாணமோ, விடுப்போ, தேர்வோ, அந்தக் கேள்வியில் வந்து முடியட்டும். எங்கள் மடலில் வந்த மாதிரி இது, பெயரை மட்டும் எடுத்துவிட்டேன்:

"காப்பீட்டு ஃபைல்களைக் கவனித்துவரும் எங்கள் சகோதரி ஜனவரி 5 முதல் ஜூன் இறுதி வரை விடுப்பில் இருப்பார். அதுவரை உங்கள் பிரீமியம், கிளெய்ம் வேலைகளை முன்பக்க மேஜையில் இருக்கும் தம்பி பார்த்துக்கொள்வார். படுகு மொழியில் பேச விரும்புபவர்கள் மதியம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். ஆபீஸ் எண் மாறவில்லை."

எதற்கு விடுப்பு என்று இதில் இல்லை. வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். பிள்ளைப்பேற்று விடுப்பாக இருந்தால் அதை அச்சில் போடுவதை வீட்டுப் பெரியவர்கள் பெரும்பாலும் விரும்புவதில்லை. கண் படும் என்பார்கள். அந்தப் பேச்சுக்கு மரியாதை கொடுங்கள். குழந்தை பிறந்து, அவர்களே சொல்லச் சொன்னால், கோடை மடலில் சந்தோஷமாகப் போடலாம்.

படுகு மொழி வரியும் விளையாட்டாகச் சேர்த்தது இல்லை. தன் நிலம், தன் பிள்ளைகள், தன் கடன் பற்றிப் பேசும்போது ஒருவருக்குத் தன் மொழி வேண்டும். விடுப்பில் போகிறவர்தான் அந்த மொழி பேசுபவர் என்றால், அவருக்கு மாற்று ஏற்பாடு என்ன என்பதைச் சொல்லாமல் மடலை அனுப்பாதீர்கள்.

கல்யாணச் செய்தியைக் கல்யாணம் முடிந்த பிறகு போடுங்கள். முன்னால் தேதி போட்டால் மடலே பத்திரிகை ஆகிவிடும். வாடிக்கையாளர்கள் மலையேறி வருவார்கள், வந்தால் மொய் எழுதாமல் போகமாட்டார்கள். ஆலோசனை சொல்லிக் கட்டணம் வாங்கும் இடத்தில் அந்த மொய் இரு தரப்புக்கும் சங்கடம். "நவம்பரில் திருமணம் நடந்தது, மணமக்கள் கேத்தியில் குடியிருக்கிறார்கள், அவர் வழக்கம்போல வேலைக்கு வருகிறார்" என்றால் எல்லோருக்கும் நிம்மதி.

வீட்டில் துக்கம் நடந்திருந்தால் ஒரு வரிக்கு மேல் வேண்டாம், அதுவும் அவர் சம்மதித்தால் மட்டும். வேலையை விட்டுப் போனவரைப் பற்றி நன்றி சொல்லி நாலு வரி எழுதுங்கள். எங்கே போனார் என்பது அவர் விஷயம். தேர்வு தேறியவரைப் பெருமையாகவே எழுதுங்கள், எந்தத் தேர்வு என்ற பெயரோடு. மியூச்சுவல் ஃபண்ட் விநியோகத்துக்கு என்ஐஎஸ்எம் (பங்குச் சந்தைப் பணிகளுக்குத் தேர்வு நடத்தும் தேசிய நிறுவனம்) ஐந்து-ஏ, முதலீட்டு ஆலோசனைக்கு பத்து-ஏ, பத்து-பி. இந்தச் சான்றிதழ்கள் மூன்று வருடம்தான் செல்லும் என்பதையும் ஒரு வரியில் சொன்னால், உங்கள் ஆட்கள் தொடர்ந்து படித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பது வாடிக்கையாளருக்குப் புரியும்.

எழுதி முடித்ததும் அந்தந்தப் பத்தியை அந்தந்த ஆளிடம் தாளில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படிக்காமலே "ஓகே அக்கா" என்று பதில் வரும். தாளையும் பேனாவையும் கையில் கொடுத்தால் நிதானமாகப் படித்து, வேண்டாததை அடித்துக் கொடுப்பார்கள். அடித்ததை அப்படியே விட்டுவிடுங்கள், ஏன் என்று கேட்காதீர்கள்.

புகைப்படம் ஒன்று போதும். மூடுபனி விலகி வெயில் வரும் பதினொரு மணிவாக்கில், எல்லோரும் ஸ்வெட்டர், மஃப்ளரோடு வாசலில் நில்லுங்கள். உள்ளே எடுத்தால் பின்னால் அலமாரி தெரியும். அதில் ஃபைல் முதுகில் ஒட்டியிருக்கும் பெயர்களைப் போனில் பெரிதாக்கிப் படித்துவிடலாம். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இல்லாவிட்டாலும் அது அவர்களுடைய ரகசியம்.

படி 4: எதை எழுதக்கூடாது

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியில் பதிவுபெற்ற ஆலோசகர் என்றால் பெயரோடு பதிவு எண்ணையும், சந்தை அபாயம் பற்றிய எச்சரிக்கை வாசகத்தையும் போடுங்கள். 2023-ல் செபி கொண்டுவந்த விளம்பர நெறிமுறையை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுவது நல்லது. உறுதியான வருமானம் என்று சொல்லக்கூடாது, வாடிக்கையாளர் பாராட்டுகளைப் போடக்கூடாது. "இவர் ஆலோசனையால் ஒரு குடும்பம் வீடு கட்டியது" என்று ஊழியர் பத்திக்குள் வைத்தாலும் அது பாராட்டுதான். எடுத்துவிடுங்கள். மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் என்றால் ஏஆர்என் என்ற உங்கள் பதிவு எண்ணைப் போடுங்கள்.

வட்டி விகிதம் எழுதினால் எந்தக் காலாண்டு என்று சேர்த்தே எழுதுங்கள். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு அக்டோபர்-டிசம்பர் 2025 காலாண்டில் 8.2 சதவீதம். அடுத்த காலாண்டுக்கான அறிவிப்பு டிசம்பர் கடைசியில் வரும்; அதற்குள் உங்கள் மடல் போய்ச் சேர்ந்திருக்கும்.

படி 5: எழுத்துரு

டிடிபி சென்டரில் கொடுத்தால் இன்னமும் பல இடங்களில் பழைய பாமினி வகை எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள். அச்சில் அழகாக இருக்கும். அதிலிருந்து வரியை எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறும். ஆகவே எந்தக் கணினியிலும் போனிலும் சிதறாத யூனிகோடில் நீங்களே அடியுங்கள். லிபர்ஆபீஸ் ரைட்டர் இலவசம், இந்த வேலைக்கு அதைவிட நல்லது தேவையில்லை. எழுத்துருவுக்கு என் தேர்வு முக்தா மலர். லதா பல விண்டோஸ் கணினிகளில் இருக்கிறது, ஆனால் தாளில் சற்று மெலிவாகத் தெரிகிறது. அளவு 14-க்குக் கீழே போகாதீர்கள்.

வடிவமைப்பவரிடம் கொடுத்தால் "கொடைக்கானல்" என்ற சொல்லை வைத்துச் சோதியுங்கள். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி, இடம் மாறி நிற்கும். பிழை இருந்தால் முதல் எழுத்திலேயே தெரிந்துவிடும்.

அச்சுக்கு லேசர் பிரிண்டர்தான். இன்க்ஜெட் மை இந்த ஈரக்காற்றில் விரல் பட்டால் பரவுகிறது.

படி 6: அனுப்புவது

80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம். இரண்டு தாளும் சாதாரணக் கவரும் சேர்ந்து 20 கிராமுக்குள் அடங்கும், 5 ரூபாய் ஸ்டாம்ப் போதும். மூன்றாவது தாள் சேர்த்தால் கவரின் எடையைப் பொறுத்து எல்லையைத் தாண்டலாம். மடல் இரண்டு தாளோடு நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அச்சைக் கோயம்புத்தூரில் வைத்துக்கொள்பவர்கள் வடகிழக்குப் பருவமழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரியும் என்பதைக் கணக்கில் வைத்து ஒரு வாரம் முன்னதாகக் கொடுங்கள்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். மற்றவர்களுக்குப் போகவில்லை என்று உங்களுக்குத் தகவலும் வராது. ஆபீசுக்கு வருகிறவர்களிடம் கேட்டு, எண்ணை அங்கேயே பதிந்து கொடுத்துவிடுங்கள்.

வாசகர்கள் சொன்ன பிறகு சேர்த்தவை

கொடைக்கானலில் இருந்து ஒருவர் எழுதியிருந்தார்: அவர்கள் மடலில் கட்டணம் செலுத்த க்யூஆர் கோடு போட்டிருக்கிறார்கள், அதை வெட்டிவிட்டு வேறொரு க்யூஆரை ஒட்டி யாரோ சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். நாங்களும் இப்போது முதல் பக்கத்தின் கீழே இப்படிச் சேர்க்கிறோம்: "எங்கள் மடலில் பணம் செலுத்தும் இணைப்போ க்யூஆரோ ஒருபோதும் இருக்காது. இருந்தால் அது எங்களுடையது அல்ல, உடனே கூப்பிடுங்கள்."

கோத்தகிரியில் இருந்து இன்னொரு வாசகர், தபாலில் போட்டதில் நிறையக் கவர்கள் திரும்பி வந்ததைச் சொன்னார். குளிர் தாங்காமல் பெரியவர்கள் டிசம்பரில் கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ பிள்ளைகள் வீட்டுக்கு இறங்கிவிடுகிறார்கள், பங்குனி வெயில் வந்த பிறகுதான் திரும்புகிறார்கள். ஆகவே அக்டோபரிலேயே எழுபது வயது கடந்தவர்களுக்கு ஒரு போன் போட்டு, "குளிருக்கு எங்க இருப்பீங்க ஐயா?" என்று கேட்டு, பட்டியலில் குளிர்கால முகவரி என்று தனிக் கட்டத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் போனிலேயே நவம்பரில் கொடுக்க வேண்டிய ஆயுள் சான்றையும் நினைவுபடுத்திவிடலாம். இறங்கும் முன் இங்கேயே முடித்துவிட்டுப் போவார்கள்.