ஃபேன் கண்டென்சரை வைத்து ஏசி சர்க்யூட் கணக்கு பழகலாம்

ஏசி (மாறுமின்னோட்டம்) சர்க்யூட் கணக்கைப் புத்தகத்தில் தொடங்கினால் முதல் பக்கத்திலேயே சைன், கொசைன், கலப்பெண் என்று மிரட்டும். மேசையில் தொடங்கினால் மூன்று ரீடிங்கில் பிடிபட்டுவிடும். என் கட்சி மேசைதான்.

வேண்டியவை: 230 வோல்ட்டை 12 ஆக இறக்கும் சின்ன டிரான்ஸ்பார்மர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 2.5 மைக்ரோஃபாரட் ஃபேன் கண்டென்சர், மல்டிமீட்டர். கண்டென்சர் வண்ணாரப்பேட்டை, பெரம்பூர் பக்கம் எந்த எலக்ட்ரிக் கடையிலும் இருக்கும். மற்றதற்குச் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்துவிடலாம். எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் வாங்கிவிடாதீர்கள். அதற்கு பிளஸ், மைனஸ் உண்டு. ஏசியில் போட்டால் சூடாகி வெடிக்கும்.

டிரான்ஸ்பார்மரில் பிளக் வயர் சேரும் பக்கத்தை டேப் சுற்றி டப்பாவுக்குள் மூடிவிட்டுத்தான் மற்ற வேலை. பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து இணைத்து வாங்குங்கள். இதில் வீரம் வேண்டாம்.

முதலில் அளப்போம்

12 வோல்ட் பக்கத்தில் ரெசிஸ்டரையும் கண்டென்சரையும் தொடராக இணையுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். லோடு குறைவு என்பதால் டிரான்ஸ்பார்மர் 13, 14 கூடக் காட்டும். சரியாக 12 என்றே வைத்துக்கொள்வோம். மீட்டர் காட்டுவது ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது ரெசிஸ்டரில் அதே சூட்டைத் தரும் டிசி வோல்ட்டேஜின் அளவு. அலையின் உச்சி 17 வோல்ட் வரை போகும்.

இப்போது ரெசிஸ்டரின் இரு முனையில் அளந்தால் சுமார் 7.4. கண்டென்சரில் சுமார் 9.4. கூட்டினால் 16.8! கொடுத்ததே 12 தானே?

மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது. இரண்டு வோல்ட்டேஜும் ஒரே நேரத்தில் உச்சிக்கு வருவதில்லை, அவ்வளவுதான். கண்டென்சரில் வோல்ட்டேஜ் மாறும்போதுதான் கரன்ட் ஓடும். வோல்ட்டேஜ் உச்சியைத் தொட்டுத் திரும்பும் அந்தக் கணத்தில் மாற்றம் இல்லை, கரன்ட்டும் பூஜ்யம். கரன்ட் இல்லாதபோது ரெசிஸ்டரில் ஏது வோல்ட்டேஜ்? ஒன்று உச்சியில் இருக்கும்போது மற்றது பூஜ்யத்தில். ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட், அதில் கால்வாசி, அதாவது 5 மில்லிசெகண்ட் வித்தியாசம். கோணத்தில் சொன்னால் 90 டிகிரி.

திருவொற்றியூர் ஹை ரோட்டில் வடக்கே 4 தெரு நடந்து, கடல் பக்கம் திரும்பி 3 தெரு நடந்தால், கிளம்பிய இடத்திலிருந்து நேர்க்கோட்டில் 5 தெரு தூரம்தான். இங்கேயும் அதே பிதாகரஸ்: 7.4 இன் வர்க்கம் 55, 9.4 இன் வர்க்கம் 88. கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 12.

இனி கணக்கு

கண்டென்சர் ஏசி கரன்ட்டைத் தடுக்கும் அளவுக்கு மின்மறுப்பு என்று பெயர். கண்டென்சரின் மின்மறுப்பு = 1 ÷ (2 × பை × ஃப்ரீக்வென்சி × கொள்ளளவு). ஃப்ரீக்வென்சி 50 ஹெர்ட்ஸ். அத்திப்பட்டு அனல் மின் நிலையத்தில் டர்பைன் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றுகிறதே, அதை 60ஆல் வகுத்தால் வரும் 50தான் இது. கொள்ளளவை ஃபாரட்டில் போடுங்கள்; 0.0000025. விடை 1273 ஓம்.

இதையும் 1000 ஓமையும் அதே பிதாகரஸ் முறையில் சேர்த்தால் 1619 ஓம். 12ஐ இதால் வகுத்தால் 7.41 மில்லிஆம்ப். அதை 1000 ஓமால் பெருக்கினால் 7.41 வோல்ட், 1273ஆல் பெருக்கினால் 9.43. மீட்டர் சொன்னதேதான். பத்து சதவீதம் அப்படி இப்படி இருந்தால் கவலை வேண்டாம்.

ஃப்ரீக்வென்சியை மாற்றிக் காகிதத்திலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 500 ஹெர்ட்ஸில் மின்மறுப்பு 127 ஓமாக இறங்கும், கண்டென்சரில் 1.5 வோல்ட்தான் மிஞ்சும். கண்டென்சரிலிருந்து வோல்ட்டேஜை எடுத்தால், தாழ்ந்த ஒலியைப் போகவிட்டு, உயர்ந்த ஒலியை மடக்கும் லோ பாஸ் ஃபில்டர் இதுவே. ரெசிஸ்டரிலிருந்து எடுத்தால் ஹை பாஸ்.

பழைய கண்டென்சரைச் சோதிக்க

ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறதா? மெயினை அணைத்து, கண்டென்சரைக் கழற்றி, ரெசிஸ்டரை முனைகளில் சிறிது நேரம் வைத்து மிச்ச சார்ஜை இறக்கிவிட்டு, இதே சர்க்யூட்டில் போடுங்கள். ரெசிஸ்டரில் 7.4க்குப் பதில் 5.1, கண்டென்சரில் 10.9 வந்தால்? கரன்ட் 5.1 மில்லிஆம்ப், மின்மறுப்பு 2137 ஓம், அதாவது கொள்ளளவு 1.5 மைக்ரோஃபாரட்டுக்கு இறங்கிவிட்டது. புதுசு வாங்கிப் போட வேண்டியதுதான்.