ஏற்காட்டுக் காபி வறுவல்: 11 ஈடுகளில் ஒரு சோதனைத் திட்டம்

சேர்வராயன் மலையில் சொந்தத் தோட்டத்துக் கொட்டையைத் தாமே வறுத்து விற்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்று வெப்பத்தைக் கூட்டுவோம், நாளை நேரத்தைக் குறைப்போம் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் மூட்டை காலியாகும். எதனால் எது மாறியது என்பது மட்டும் பிடிபடாது.

முதலில் எதை அளக்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். நிறத்தைக் கண்ணால் பார்த்து எழுதுவது எண் ஆகாது. நான் எடை இழப்பையே எடுத்துக்கொள்வேன். 200 கிராம் பச்சைக் கொட்டை போட்டு 170 கிராம் வந்தால் இழப்பு 15%. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் இருப்பதைப் போன்ற, 0.1 கிராம் வரை காட்டும் தராசு கட்டாயம் வேண்டும். கொட்டை எல்லாம் ஒரே மூட்டையிலிருந்து வரட்டும். மழைக்காலமாக இருந்தால் எடுத்த உடனே காற்றுப் புகாத டப்பாவில் மூடிவிடுங்கள்.

அடுத்து காரணிகள். மூன்று போதும்: கொட்டையைப் போடும்போது ரோஸ்டரின் (வறுக்கும் இயந்திரத்தின்) உருளையின் வெப்பம் (180, 200 டிகிரி), எரிவாயு அழுத்தம் (குறைவு, அதிகம்), வறுக்கும் நேரம் (10, 13 நிமிடம்). ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிலைகள் என்றால் 2×2×2 = 8 ஈடு (ஒருமுறை கொட்டை போட்டு வறுத்து எடுப்பது ஓர் ஈடு). ஐந்து காரணி எடுத்தால் 32 ஆகிவிடும், ஆசைப்படாதீர்கள். எட்டோடு, மூன்றும் நடு நிலையில் இருக்கும் ஈட்டை மூன்று முறை சேருங்கள். மொத்தம் 11. திட்டம் தொடங்கும் முன், மூன்றும் குறைவான ஈட்டையும் மூன்றும் அதிகமான ஈட்டையும் ஒருமுறை வறுத்துப் பாருங்கள். ஒன்று பச்சையாகவோ மற்றது கருகியோ வந்தால் எல்லைகளை நெருக்குங்கள்.

இனி வருவதுதான் எல்லோரும் தாண்டிப் போக நினைக்கும் இடம்: வரிசை. காலையில் குளிர்ந்து கிடக்கும் ரோஸ்டரின் இரும்பு ஈடு ஏற ஏறச் சூடு பிடிக்கும். வெப்பமானி ஒரே எண்ணைக் காட்டினாலும் உருளையின் உடம்பில் தேங்கிய சூடு வேறாக இருக்கும். 10 நிமிட ஈடுகளை முதலிலும் 13 நிமிட ஈடுகளைப் பின்னாலும் வறுத்தால், அந்தத் தேங்கிய சூடு நேரத்தின் கணக்கில் ஏறிவிடும். எந்த மென்பொருளாலும் பிறகு அதைப் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே எட்டு ஈடுகளையும் சீட்டில் எழுதிக் குலுக்கி எடுங்கள். வந்த வரிசை பிடிக்கவில்லை என்று மாற்றாதீர்கள். நடு நிலை ஈடுகளை மட்டும் 1, 6, 11 ஆம் இடங்களில் வையுங்கள். அவை மூன்றின் எடை இழப்பும் ஒரே திசையில் ஏறிக்கொண்டே போனால் ரோஸ்டர் இன்னும் நிலைக்கு வரவில்லை என்று பொருள். கணக்கில் சேராத ஓரிரு ஈடுகளை முன்கூட்டியே வறுத்து உருளையைப் பழக்குவது நல்லது.

கணக்குக்கு லிப்ரேஆபிஸ் கால்க் என்ற இலவச விரிதாள் மென்பொருள் தாராளம். விலை கொடுத்து மென்பொருள் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் முறை கையால் போட்டுப் பார்ப்பதே மேல். விளங்குவதற்காகச் சில எண்களை வைக்கிறேன். உருளை வெப்பத்தைச் சராசரியாக்கிவிட்டால், குறைந்த அழுத்தத்தில் இழப்பு 10 நிமிடத்தில் 12%, 13 நிமிடத்தில் 14%. அதிக அழுத்தத்தில் அதே நேரங்களில் 14.5%, 18.5%. நேரத்தின் விளைவு ஓரிடத்தில் 2, மற்றோரிடத்தில் 4. ஒரு காரணியின் விளைவு இன்னொன்றின் நிலையைப் பொறுத்து மாறும் இந்த வேறுபாடுதான் இடைவினை. ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பவருக்கு இது கண்ணில் படவே படாது. குறைவை −1, அதிகத்தை +1 என்று குறித்தால்:

இழப்பு = 14.75 + 1.5 × நேரம் + 1.75 × அழுத்தம் + 0.5 × நேரம் × அழுத்தம்

உருளை வெப்பத்துக்கும் இதே வழியில் உறுப்புகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பிறகு நடு நிலை ஈடுகளைப் பாருங்கள். அவற்றின் சராசரி 14.75-ஐ ஒட்டி இருந்தால் இந்தச் சமன்பாடே போதும். 15.9 என்று வந்து, மூன்றுக்கும் இடையில் 0.2 அளவே வேறுபாடு இருந்தால் வளைவு இருக்கிறது, அதாவது இழப்பு நேர்க்கோட்டில் மாறவில்லை. அப்போது ஒரு காரணி மட்டும் ஓரத்திலும் (குறைவிலோ அதிகத்திலோ) மற்ற இரண்டும் நடுவிலும் இருக்கும் ஆறு ஈடுகளைச் சேர்க்க வேண்டும். பழைய ஈடுகள் வீணாகாது. இப்படிப் படிப்படியாக விரிக்கும் வழியை புள்ளியியலாளர் ஜார்ஜ் பாக்ஸும் வேதியியலாளர் கே. பி. வில்சனும் 1951இல் வெளியிட்டார்கள். கடைசியாக, சமன்பாடு சொல்லும் புதிய அமைப்பு ஒன்றில் இரண்டு ஈடு வறுத்துச் சரிபார்த்த பிறகே அதை நம்புங்கள்.

பின்சேர்க்கை: உருளை 200இலிருந்து 180க்கு ஆறும்வரை ஒவ்வொரு முறையும் காத்திருக்க முடியவில்லை என்று சிலர் கேட்டார்கள். 180, 200, 200, 180 என நான்கு கூறாக்கி, கூறுக்கு இரண்டு ஈடு வறுக்கலாம். மற்ற இரு காரணிகளையும் குலுக்கியே எடுங்கள். ஆனால் உருளை வெப்பத்தை நான்கு முறைதான் அமைத்திருக்கிறீர்கள், எட்டு முறை அல்ல. அதன் விளைவைப் பற்றி மட்டும் அடித்துப் பேசாதீர்கள்.

ஒரே நாளில் முடியாதென்றால், மூன்று காரணிகளின் குறிகளையும் பெருக்குங்கள். பெருக்கல் + வரும் நான்கு ஈடு ஒரு நாள், − வரும் நான்கு மறுநாள். நாளுக்கு நாள் உள்ள வேறுபாடு மூன்றும் சேர்ந்த இடைவினையோடு கலந்துபோகும். தனி விளைவுகளையும் இரட்டை இடைவினைகளையும் தொடாது. நடு நிலை ஈடு இரண்டு நாளிலும் இருக்கட்டும்.