குளிர்காலச் சோர்வு: விளக்கு சரி, நேரம்தான் தவறு

டொராண்டோவில் டிசம்பர் கடைசியில் காலை 7.45 தாண்டித்தான் சூரியன் உதிக்கும். மாலை 4.45-க்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். அதே நாளில் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் 11 மணி நேரத்துக்கு மேல் பகல். இங்கே 9 மணி நேரம்கூட இல்லை. அந்த வெயிலில் வளர்ந்துவிட்டு இங்கே வந்தவர்கள், நவம்பரில் எவ்வளவு தூங்கினாலும் போதாமல், சோறும் இனிப்புமாகத் தேடி, எதிலும் பிடிப்பில்லாமல் போகும்போது தங்களைத் தாங்களே சோம்பேறி என்று திட்டிக்கொள்கிறார்கள். அது சோம்பல் இல்லை. 1984-இல் நார்மன் ரோசந்தாலும் சக ஆய்வாளர்களும் இதைப் பருவகால மனச்சோர்வு என்று விவரித்தார்கள். நோய் என்று ஏற்காமல் வசந்தம் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதுதான் முதல் தவறு.

அதைவிட வருத்தம் தருவது இன்னொன்று. நோய் என்று தெரிந்து, இதற்கென்றே பளிச்சென்ற வெளிச்சம் தரும் சிகிச்சை விளக்கையும் காசு கொடுத்து வாங்கி, அதை வேலை முடிந்து வந்து இரவு எட்டு மணிக்குப் போடுகிறார்கள்.

மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் நம் உடல் கடிகாரம் இருக்கிறது. அதன் ஒரு சுற்று பெரும்பாலானோருக்கு 24 மணி நேரத்தைவிடச் சற்றே நீளம். அதனால் அதைத் தினமும் திருத்திவைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது கண் வழியே போகும் காலை வெளிச்சம். விடியல் பிந்தினால் கடிகாரமும் பிந்தும். அலாரம் அடிக்கும்போது உங்களுக்கு ஆறரை மணி, உடலுக்கோ இன்னும் நடுராத்திரி. தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் அப்போதும் சுரந்துகொண்டிருக்கும். இந்த நோயாளிகள் எல்லோருக்கும் இப்படித்தான் என்று சொல்ல முடியாது. ஆனால் பலருக்கு இப்படித்தான். அவர்கள் இரவில் பளிச்சென்ற வெளிச்சத்தைப் பார்த்தால், ஏற்கெனவே பிந்திய கடிகாரம் இன்னும் பிந்தும். சனி, ஞாயிறு மதியம் வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பதும் இதே கெடுதலைத்தான் செய்கிறது.

ஆகவே விளக்கை எழுந்தவுடனே போடுங்கள். 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கு என்றால் அரை மணி நேரம், உற்பத்தியாளர் சொன்ன தூரத்தில். தள்ளி வைத்தால் அந்த அளவு கண்ணுக்கு வந்து சேராது. "வீட்டில்தான் எல்லா லைட்டும் எரிகிறதே" என்பார்கள். வீட்டு விளக்குகள் சில நூறு லக்ஸைத் தாண்டுவது அரிது. மேகம் மூடிய பகலில் வெளியே நின்றாலே ஆயிரக்கணக்கில் கிடைக்கும். பிள்ளையைப் பள்ளிக்கு நடந்து கூட்டிப்போவதும் நல்ல மருந்துதான்.

விட்டமின் டி மாத்திரை போட்டால் வெளிச்சம் வேண்டாம் என்று நினைப்பதும் தவறு. அது தோலில் உருவாவது, எலும்புக்கு வேண்டியது. கடிகாரத்தை அது திருத்தாது. அப்புறம், நான்கு நாளில் பலன் இல்லை என்று விளக்கை மூலையில் போட்டுவிடாதீர்கள். ஒன்றிரண்டு வாரம் பிடிக்கலாம். தேறியதும் ஜனவரியிலேயே நிறுத்தினால் சோர்வு திரும்பிவிடக்கூடும்.

விளக்கு எல்லோருக்கும் ஏற்றதல்ல. இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு அது அளவு மீறிய கிளர்ச்சியைத் தூண்டக்கூடும். விழித்திரை நோய் உள்ளவர்களும் முதலில் டாக்டரிடம் கேட்க வேண்டும். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் விளக்கின் பலனுக்காகக் காத்திருக்காதீர்கள். கனடாவில் 988 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.