செகாதா சன்ஷிரோவைப் பற்றி எழுத உட்காரும் முன்

கடந்த சில மாதங்களில் மூன்று பேர் என்னிடம் வரைவு கொண்டுவந்து காட்டினார்கள். மூன்றும் ஒரே ஆளைப் பற்றியவை. ஜூடோ உடை, கலைந்த தலை, முதுகில் கட்டிய ராட்சத கேம் கன்சோல். செகா நிறுவனத்தின் சாட்டர்ன் கன்சோலில் கேம் ஆடாமல் நடன அரங்கில் பொழுதைக் கழிக்கும் இளசுகளைப் பிடித்து வீசி எறிகிற மனிதர். 1997 கடைசியிலிருந்து 1998 வரை ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஓடிய செகா விளம்பரங்களின் நாயகன், செகாதா சன்ஷிரோ.

படிக்கப் படிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர்களுடைய பிழைகளில் பாதிக்கு மேல் என்னுடையவை. பல வருடம் முன்பு நான் விழுந்த குழியில் அதே இடத்தில் கால் வைத்திருந்தார்கள். பெயரைத் தப்பாக எழுதுவது, தேதி ஒரு மாதம் தள்ளிப்போவது மாதிரியானவற்றை விட்டுவிடுகிறேன். அவை இரண்டாம் வாசிப்பில் தானே உதிர்ந்துவிடும். உதிராதவை வேறு, அவைதான் கீழே.

சிலேடைக்கு ஒரு வரி, அவ்வளவுதான் என்று நினைப்பது

விளம்பரத்தின் முடிவில் அவர் கத்துவது "செகா சாட்டர்ன், ஷிரோ!" மூன்று வரைவிலும் இதற்கு "செகா சாட்டர்ன் ஆடு என்று பொருள்" என ஒரு வரி. சரி, தப்பில்லை. ஆனால் சிரிப்பு அங்கே இல்லை.

ஜப்பானிய வாயில் சாட்டர்ன் "சதான்" ஆகிவிடும். (நம் காதுக்குச் சாத்தான் போலக் கேட்கும், அதை விடுங்கள்.) இப்போது அசை பிரித்துப் பாருங்கள். செ‑கா‑ச‑தா‑ன்‑ஷி‑ரோ. பெயர்: செ‑கா‑தா‑ச‑ன்‑ஷி‑ரோ. "ச"வும் "தா"வும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஆளின் பெயரே விளம்பர வாசகத்தைக் கலைத்துப் போட்டது.

அடுத்தது "ஷிரோ". "செய்" என்ற கட்டளையும் அதுதான், "வெள்ளை" என்ற சொல்லும் அதுதான். தமிழில் "ஆடு" என்றால் கட்டளையும் ஆகும், மேய்கிற ஆடும் ஆகும் அல்லவா, அந்த மாதிரி. 1994இல் 44,800 யென்னுக்கு வந்த முதல் சாட்டர்ன் சாம்பல் நிறம். 1996இல் 20,000 யென்னுக்கு வந்தது வெள்ளை. கடையில் இருந்த பெட்டியின் நிறமும் அந்தக் கத்தலுக்குள் இருக்கிறது.

மூன்றாவது அடுக்கு சுகாதா சன்ஷிரோ. தோமிதா ட்சுனேயோ எழுதிய ஜூடோ நாவலின் நாயகன். 1943இல் அகிரா குரோசவா இயக்கிய முதல் படமும் அந்தக் கதைதான். அதில் முரட்டு இளைஞன் ஓர் இரவு முழுக்கக் குளத்து நீரில் ஒரு கம்பைப் பிடித்தபடி நின்று, தாமரை மலர்வதைப் பார்த்துத் தெளிவு பெறுகிறான். அவ்வளவு பெரிய தவத்தை வீடியோ கேம் ஆடுவதற்காகச் செய்கிறார் நம்ம ஆள், அதுவும் முகத்தில் சிரிப்பே இல்லாமல். நாவலை விட்டுவிட்டால் மிஞ்சுவது ஆட்களை அடிக்கும் ஒரு கிறுக்கர்தான். ஒரு வரைவில் அப்படியேதான் இருந்தது.

சோனிக்கோடு ஒப்பிடுவது

வேண்டாம். நீல முள்ளம்பன்றி சோனிக், செகா நிறுவனத்துக்கே சின்னம்; இவர் ஒரு கன்சோலின் விளம்பர நாயகன்.

அமெரிக்கக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜப்பானைப் பார்ப்பது

எனக்குக் கைக்காசு போனது இதில்தான். இன்றைக்கும் யாராவது இதே வாக்கியத்தை எழுதினால் எரிச்சல் வருகிறது. வாக்கியம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: "செத்துக்கொண்டிருந்த கன்சோலைக் காப்பாற்ற செகா கடைசியாக இறக்கிய கோமாளி."

நான் இதைச் சின்னப் புத்தகமாகவே போட்டேன். நாற்பது பக்கம், இருநூறு பிரதி, அச்சுக்கூலி என் பையிலிருந்து. அட்டையில் "மூழ்கும் கப்பலின் கோமாளி" என்று பெரிய எழுத்து. தலைப்பு கிடைத்த சந்தோஷத்தில் சரிபார்க்கவே தோன்றவில்லை. அச்சாகி வந்த பிறகு, ஜப்பானியம் தெரிந்த நண்பர் ஒருவரிடம் பெருமையாக நீட்டினேன். அட்டையைப் பார்த்துவிட்டு உள்ளே புரட்டாமலே ஒரே கேள்வி கேட்டார்: "எந்த ஊர்க் கப்பலைச் சொல்றே?"

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் பொறுமையாக எண்ணிக்காட்டினார்.

அமெரிக்காவில் சாட்டர்ன் மூழ்கியது உண்மை. 1995 மே மாதம், E3 என்ற கேம் கண்காட்சியில், முன்னறிவிப்பே இல்லாமல் 399 டாலருக்கு இறக்கினார்கள்; அதே கண்காட்சியில் சோனி தன் போட்டிக் கன்சோலான பிளேஸ்டேஷனுக்கு 299 டாலர் என்று அறிவித்தது. 1997 கோடையில், சாட்டர்ன் எங்கள் எதிர்காலம் அல்ல என்று செகாவின் அமெரிக்கப் பிரிவை நடத்திய பெர்னி ஸ்டோலரே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். செகாதா வந்ததோ அதே ஆண்டின் கடைசியில். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் "கடைசி முயற்சி" என்று எழுதக் கை துறுதுறுக்கும். எனக்கும் துறுதுறுத்தது.

ஆனால் அந்த விளம்பரங்கள் அமெரிக்காவில் ஓடவே இல்லை. ஓடிய ஊரில் நிலவரம் வேறு. ஜப்பானில் சாட்டர்ன் ஐம்பது லட்சத்துக்கு மேல் விற்றது. செகாவின் கன்சோல்களில் அங்கே வேறெதுவும் அவ்வளவு விற்கவில்லை. 1997 ஜனவரியில் ஃபைனல் ஃபேன்டசி 7 என்ற பெரிய கேம் பிளேஸ்டேஷனில் வந்ததும் முதலிடம் கைவிட்டுப் போனது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முதலிடம் போவதும் மூழ்குவதும் ஒன்றா?

1998இல் அங்கே என்ன வந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். ஏப்ரலில் சகுரா தைசென் 2. அதற்கு முன் பர்னிங் ரேஞ்சர்ஸ், தி ஹவுஸ் ஆஃப் தி டெட். செகாதா இந்த கேம்களைத்தான் ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தார். ஹவுஸ் ஆஃப் தி டெட் விளம்பரத்தில் பிணப் பேய்களையே ஜூடோ பிடியில் வீசுகிறார், விழுந்த இடத்தில் அவை வெடிக்கின்றன. அமெரிக்காவில் அந்த ஆண்டு டிசம்பரோடு சாட்டர்னுக்கு கேம் வருவது நின்றது. ஜப்பானில் 2000 வரை வந்தது. ஆக, அவர் சாவு வீட்டு ஒப்பாரிக்காரர் அல்ல. ஆள் நிறைந்த கடையின் வாசலில் நின்று கூவுகிறவர்.

தோற்கும் ஆளின் பதற்றம் என்று நான் எழுதியதெல்லாம் இதோடு காலியானது. குறிப்பாகக் கடைசி விளம்பரம். செகா தலைமையகத்தை நோக்கி ஓர் ஏவுகணை வருகிறது. கூரையில் செகாதா. வந்ததைக் கையால் தாங்கி, திசை திருப்பி, அதன் மேலேயே தொற்றிக்கொண்டு வானத்துக்குப் போகிறார், மேலே வெடிக்கிறது. "தோல்வியை ஒப்புக்கொண்ட செகா தன் சின்னத்தையே கொன்றது" என்று எழுதியிருந்தேன். உண்மையில் செகாவின் அடுத்த கன்சோலான ட்ரீம்காஸ்ட் வரப்போகிறது என்று சொல்லும் விளம்பரம் அது. 1998 நவம்பர் 27 அதன் வெளியீட்டு நாள். பழைய கன்சோலின் ஆள் புதியதற்கு வழிவிட்டுப் போகிறார். பழைய வீரப் படங்களின் தியாக முடிவை அப்படியே எடுத்துப் பகடி செய்திருக்கிறார்கள். நான் அதைப் பார்த்து ஒப்பாரி எழுதியிருக்கிறேன்.

இருநூறில் பதினொன்றோ பன்னிரண்டோ விற்றிருந்தன. வாங்கியவர்களுக்குத் திருத்தத்தாள் அனுப்பினேன். மீதியில் ஒரு கட்டு என் மேசையின் ஆடும் காலுக்கு முட்டாக இருக்கிறது.

இதைத் தவிர்க்க ஒரே வழிதான் எனக்குத் தெரியும். தாளில் இரண்டு பத்தி போடுங்கள், ஒன்று ஜப்பான், ஒன்று அமெரிக்கா. எந்தத் தகவல் கையில் கிடைத்தாலும் எந்தப் பத்திக்குப் போகும் என்று முடிவு செய்யாமல் எழுதாதீர்கள். இரண்டுக்கும் பொதுவாக "சாட்டர்ன் தோற்றது" என்ற வாக்கியம் வந்தால் உடனே நிறுத்துங்கள், அது எந்தப் பத்தியிலும் முழுதாக உட்காராது.

நடிகரை அடிக்குறிப்பில் தள்ளுவது

நடித்தவர் ஹிரோஷி ஃபுஜியோகா. 1971இல் காமென் ரைடர் என்ற தொலைக்காட்சித் தொடரின் முதல் சாகச வீரன். அன்று தொலைக்காட்சி முன் உட்கார்ந்து அவரைப் பார்த்த சிறுவர்கள் 1997இல் முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள், கன்சோல் வாங்கச் சொந்தச் சம்பளமும் இருந்தது. அவர்களின் வீரன் ஐம்பத்தோரு வயதில் வந்து, ஏன் கேம் ஆடவில்லை என்று அதட்டுகிறார். தற்காப்புக் கலை நிஜமாகவே தெரிந்தவர் என்பதால் வீசுகிற உடல்மொழியில் பகடியே கிடையாது. யாரோ ஒரு நகைச்சுவை நடிகர் செய்திருந்தால் இந்த விளம்பரம் இரண்டாவது வாரம் மறந்துபோயிருக்கும் என்பது என் கணிப்பு.

யுகாவாவோடு குழப்புவது

ட்ரீம்காஸ்ட் விளம்பரத்தில் வருகிற கோட்டு போட்டவர் ஹிதேகசு யுகாவா. நடிகர் அல்ல, செகாவின் உண்மையான நிர்வாகி. செகாவை விட பிளேஸ்டேஷன்தான் நன்றாக இருக்கிறது என்று சிறுவர்கள் பேசுவதைக் கேட்டு நொறுங்குகிற அதிகாரியாகத் தன்னையே நடித்தார். இருவரும் அடுத்தடுத்து வந்ததால் ஒரே கதை மாதிரித் தோன்றும். அதட்டுகிறவர் ஒருவர், அடி வாங்குகிறவர் மற்றவர். தனித்தனியாக எழுதுங்கள்.

அவருக்கென்று வந்த கேமைத் திறந்து பார்க்காமல் எழுதுவது

1998 அக்டோபர் 29இல் சாட்டர்னுக்கு வந்தது. குட்டிக் குட்டி விளையாட்டுகளின் தொகுப்பு, சுமார் ரகம்தான். ஆனால் ஜெயித்தால் விளம்பரப் படங்களைப் பரிசாகத் திறந்துவிடுகிறது. விளம்பரத்தைப் பார்ப்பதற்காக ஆடும் கேம்! ஜப்பான் வட்டு மற்ற ஊர்க் கன்சோல்களில் நேரடியாக ஓடாது, வாங்கும் முன் அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

இறந்த தேதி போடுவது

ஒருவர் வரைவின் தலையில் கட்டம் கட்டி, பிறப்பு 1997, இறப்பு 1998 என்று போட்டிருந்தார். 2015இல் புராஜெக்ட் எக்ஸ் ஸோன் 2இல் செகாதா மறுபடி வந்து எதிரிகளை வீசினார். 2020இல் செகாவின் அறுபதாம் ஆண்டு விளம்பரத்தில் "செகா ஷிரோ" என்று புது ஆள் வந்தார். நடித்தவர் ஃபுஜியோகாவின் மகன் மைதோ. கட்டத்தை அழித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.